நொதி மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது? கலப்பு செல் பேனலில் கண்டுபிடிப்பது எப்படி

பினைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியின் மரபணு எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஜீனோம் பிரவுசரில் (மனித டிஎன்ஏ வரிசையைத் தேடிப் பார்க்கும் இணையதளம்) வரிசையைப் போட்டு உடனே சொல்லிவிடலாம்: 12-ஆம் குரோமோசோம், நீண்ட கை, 23.2 பட்டை. ஆனால் மரபியல் படிக்கிறவர்கள் இதை ஒருமுறையாவது ஜெல்லில் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கும் பிசிஆர் மெஷின், அதை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் டேங்க், பேனல் டிஎன்ஏ (எதில் எந்த மனிதக் குரோமோசோம் இருக்கிறது என்று தெரிந்த கலப்பு செல் தொகுப்பின் டிஎன்ஏ), இவ்வளவு இருந்தால் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம்.

மனித செல்லையும் எலி செல்லையும் இணைத்தால் கிடைக்கும் கலப்பு செல், பிரியப் பிரிய மனிதக் குரோமோசோம்களைத் தொலைத்துக்கொண்டே வரும், எலியுடையது தங்கிவிடும். 1967-ல் மேரி வைஸும் ஹோவர்ட் கிரீனும் இதைக் காட்டினார்கள். எது தொலையும் என்பது பெரும்பாலும் தற்செயல், அதனால் ஒவ்வொரு குளோனிலும் (ஒரே கலப்பு செல்லிலிருந்து வளர்ந்த செல் கூட்டம்) மிஞ்சுவது வேறு வேறு. உங்கள் மரபணு எந்தக் குரோமோசோமோடு சேர்ந்தே வருகிறது, சேர்ந்தே போகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முதலில், நொதியைத் தேடப் போகிறீர்களா, டிஎன்ஏவைத் தேடப் போகிறீர்களா என்று முடிவு செய்யுங்கள். லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் மாதிரி எல்லா செல்லிலும் இருக்கும் நொதி என்றால், மனித வடிவமும் எலி வடிவமும் ஜெல்லில் வேறு வேறு தூரம் ஓடுவதை வைத்தே பிரித்துவிடலாம். நம் ஹைட்ராக்சிலேஸ் அப்படியில்லை. பெரும்பாலும் கல்லீரலில்தான் உருவாகும். தோல் செல்லிலிருந்து செய்த கலப்பு செல்லில் மரபணு இருந்தாலும் நொதி வராது. 1970-களில் குடும்பங்களை வைத்துச் செய்த பிணைப்பு ஆய்வு (எந்தெந்த மரபணுக்கள் சேர்ந்தே வாரிசுக்குப் போகின்றன என்று பார்ப்பது) 1-ஆம் குரோமோசோம் பக்கம் கைகாட்டியது. சாவியோ வூவின் ஆய்வகத்தில் மரபணுவின் நகல் டிஎன்ஏ (ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்தது) கையில் கிடைத்து, அதை வைத்துக் கலப்பு செல்களின் டிஎன்ஏவையே சோதித்த பிறகுதான் 12 என்று உறுதியானது.

பேனலைக் கோரியல் போன்ற செல் வங்கிகளில் கேட்டுப் பாருங்கள். 24 வகைக் குரோமோசோம்களை (1 முதல் 22, எக்ஸ், ஒய்) பிரிக்கக் கணக்குப்படி 5 குளோன் போதும், ஏனென்றால் இருக்கு-இல்லை என்று 32 விதம் அமையும். நிஜத்தில் 15, 20 குளோனாவது வேண்டும், ஒரு குளோன் தப்பாகச் சொன்னாலும் மற்றவை காப்பாற்றும். இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று: குளோன்களை, கலப்பு செல்லை மட்டும் பிழைக்கவிடும் ஹேட் ஊடகத்தில் தேர்ந்தெடுத்திருந்தால், எலி செல்லில் எந்த நொதி குறைவோ அதன் மனித மரபணு இருக்கும் குரோமோசோம் எல்லாக் குளோனிலும் உட்கார்ந்திருக்கும். தைமிடின் கைனேஸ் குறைவு என்றால் 17, எச்பிஆர்டி குறைவு என்றால் எக்ஸ். எங்கும் 'இருக்கு' என்று வரும் குரோமோசோமை வைத்து எதையும் பிரிக்க முடியாது.

பிசிஆர் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டான ப்ரைமரை எக்ஸானுக்குள், அதாவது மரபணுவில் கடைசி ஆர்என்ஏவில் தங்கும் பகுதிக்குள், வைக்காதீர்கள். அங்கே எலி வரிசையும் கிட்டத்தட்ட அதேதான், எல்லாக் குளோனிலும் ஜெல்லில் பேண்ட் (கோடு) வந்து நிற்கும். எக்ஸான்களுக்கு நடுவே இருக்கும், ஆர்என்ஏவிலிருந்து வெட்டப்படும் இன்ட்ரானில் வையுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆர்ஜினினோசக்சினேட் சிந்தேட்டேஸ் என்ற இன்னொரு நொதியின் நிஜ மரபணு 9-ல் இருக்கிறது, ஆனால் அதன் போலி மரபணுக்கள் (வேலை செய்யாத நகல்கள்) பத்துக்கும் மேல் பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. இவை ஆர்என்ஏவிலிருந்து திரும்ப டிஎன்ஏவாகிப் போய் ஒட்டிக்கொண்டவை, அதனால் இன்ட்ரான் கிடையாது, உங்கள் ப்ரைமரில் மாட்டவும் மாட்டா. கன்ட்ரோலுக்கு மனித டிஎன்ஏ, எலி டிஎன்ஏ, வெறும் தண்ணீர் மூன்றையும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். எலி லேனில் அதே அளவில் பேண்ட் தெரிந்தால் மேற்கொண்டு போகாமல் ப்ரைமரை மாற்றுங்கள்.

அப்புறம் அட்டவணை. உதாரணத்துக்கு 8 குளோனில் 1, 4, 6-ல் மட்டும் பேண்ட் வந்தது என்று வையுங்கள். 12-ஆம் குரோமோசோமும் 1, 4, 6-ல் மட்டும் இருக்கிறது, முரண் பூஜ்யம். 7-ஆம் குரோமோசோம் 1, 4, 5-ல் இருக்கிறது, அப்படியானால் 5-லும் 6-லும் முரண், 8-க்கு 2. இப்படி 24-க்கும் போடுங்கள். ஒத்துப்போவதை எண்ணுவதைவிட முரணை எண்ணுங்கள், ஒரு குரோமோசோமை விலக்குவது முரண்தான். சரி, 12-லேயே ஒரு முரண் வந்தால்? பேண்ட் இருந்து குரோமோசோம் இல்லை என்றால், உடைந்த துண்டு ஒன்று எலிக் குரோமோசோமில் ஒட்டியிருக்கலாம். குரோமோசோம் இருந்து பேண்ட் இல்லை என்றால் அந்தப் பகுதி மட்டும் அறுந்து போயிருக்கலாம். மங்கலான பேண்ட் என்றால் கொஞ்சம் செல்களில் மட்டும்தான் அந்தக் குரோமோசோம் மிஞ்சியிருக்கிறது, அதை 'இருக்கு' என்றும் 'இல்லை' என்றும் எழுதாமல் கேள்விக்குறி போட்டுத் தனியே வையுங்கள். செல்லை நீங்களே வளர்ப்பதாக இருந்தால், டிஎன்ஏ எடுக்கும் அதே நாளில் கேரியோடைப்புக்கும் (எந்தெந்தக் குரோமோசோம் இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது) எடுத்துவிடுங்கள், சில வாரம் தள்ளிப்போனால் அதற்குள் இன்னும் சில குரோமோசோம்கள் போயிருக்கும்.

குரோமோசோம் தெரிந்துவிட்டது, அதில் எந்த இடம் என்பதற்கு ஃபிஷ், அதாவது ஒளிரும் டிஎன்ஏ துண்டை (ப்ரோப்) குரோமோசோமில் ஒட்டவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறை. நகல் டிஎன்ஏவைப் ப்ரோபாக எடுத்தால் சிக்னல் கண்ணுக்கே தெரியாது. அந்த மரபணுவைச் சுமக்கும், ஒரு லட்சம் எழுத்துக்கு மேல் நீளமுள்ள பேக் குளோனை (பாக்டீரியாவில் வைத்துப் பெருக்கிய பெரிய டிஎன்ஏ துண்டு) எடுங்கள், திரும்பத் திரும்ப வரும் வரிசைகளை மறைக்கக் காட்-1 டிஎன்ஏ சேருங்கள். சாதாரண மனித செல்லின் நல்ல மெட்டாஃபேஸில் (செல் பிரியும்போது குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் நிலை) ஜோடியின் இரு குரோமோசோமிலும், ஒவ்வொன்றின் இரு குரோமாடிட்டிலும் (இரட்டித்த குரோமோசோமின் இரு பிரதிகள்) ஒரே உயரத்தில் புள்ளி, ஆக மொத்தம் நான்கு. ஒற்றைப் புள்ளிகள் பின்னணியாகவும் இருக்கலாம், அதனால் 20 மெட்டாஃபேஸாவது எண்ணி, ஜோடிப் புள்ளி திரும்பத் திரும்ப விழும் பட்டையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.