ஓய்வுக்குப் பின் தன்னார்வச் சேவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணி ஓய்வு பெற்றவர்கள் பொதுச்சேவையில் இறங்கும்போது செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, சேவையையும் விட்டுவந்த உத்தியோகத்தைப் போலவே நடத்துவதால் வருபவை. ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் கோயில் திருப்பணிக் குழு, குடியிருப்போர் நலச்சங்கம், நூலக வாசகர் வட்டம் என எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டு, ஆண்டு முடிவதற்குள் அலுத்து அனைத்தையும் கைவிடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உடலும் மனமும் நலமாயிருக்க இவ்வளவு ஓட்டம் தேவையில்லை. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த ஏறக்குறைய 13,000 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆண்டுக்கு 100 மணி நேரமாவது சேவை செய்தவர்களிடம் இறப்பு அபாயமும் தனிமை உணர்வும் குறைவாகவும், அன்றாட உடலியக்கம் மேம்பட்டும் காணப்பட்டன. அது வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான்.

அதே ஆய்வின் மறுபக்கத்தைச் சொல்பவர்கள் குறைவு. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றில் சேவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, சுறுசுறுப்பாக இருப்பதை நம்பி மாத்திரையைத் தாமாகக் குறைப்பதும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தானவை. உடல் ஒத்துழைப்பவர்களே சேவைக்கு வருகிறார்கள் என்பதால், நன்மையின் ஒரு பகுதி அவர்கள் கொண்டுவந்த ஆரோக்கியத்தின் கணக்கிலும் சேர வேண்டியது.

உடலை மறந்து உழைப்பது, நான் மிகவும் அஞ்சும் தவறு. உழவாரப்பணியை எடுத்துக்கொள்வோம். அப்பர் பெருமானின் வழியில் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கி, ஒட்டடை அடித்து, தரையைக் கழுவுவது மனத்துக்கு நிறைவு தரும் பணிதான். ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குன்றியவர் சித்திரை வெயிலில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நின்றால், கொப்புளம் எழுந்த பிறகுதான் சுட்டதே தெரியும். வயதாக ஆகத் தாக உணர்வும் மங்குவதால், தண்ணீர் குடிக்காமலே மதியம் வரை கழிந்துவிடும். அன்னதானக் கூடத்தில் பரிமாறுபவர் கடைசிப் பந்திக்குப் பிறகே சாப்பிட வேண்டும் என்ற வழக்கம், இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குப் பொருந்தாது. நேரத்துக்கு உண்ணாவிட்டால் சர்க்கரை அளவு சரிந்து மயக்கம் வரலாம். இவர்கள் காலை ஏழு மணிக்குள் முடியும் பணியையோ, உட்கார்ந்து காய் நறுக்கும் பணியையோ கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரத்த தானத்துக்கும் இந்தியாவில் 65 வயது வரம்பு உண்டு. அதைக் கடந்தவர்கள் முகாமில் பதிவு மேசையைக் கவனிக்கலாம்.

பதவிக்காகச் சேருவது வேறு வகைத் தவறு. தலைவர், பொருளாளர் நாற்காலிகளுக்கான சண்டையில் இரவுத் தூக்கத்தை இழப்பவர், சேவையால் கிடைக்கும் மன அமைதியை அங்கேயே தொலைத்துவிடுகிறார். அமெரிக்க முதியவர்களைப் பற்றி 2012-இல் வெளியான ஓர் ஆய்வும், பிறர் நலம் கருதிச் சேவை செய்தவர்களுக்கு இருந்த ஆயுள் அனுகூலம், தம் நலனையே முதன்மையாக எண்ணியவர்களிடம் தென்படவில்லை என்கிறது. பயிற்சியே வேண்டாம், அனுபவம் போதும் என்ற நினைப்பையும் இதோடு சேர்க்கலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 60 வயதைக் கடந்தவர்களைத் தொடக்கப்பள்ளிகளுக்கு வாரம் 15 மணி நேரம் அனுப்பிய திட்டத்தில், முன்பயிற்சி கொடுத்துக் குழுவாகவே அனுப்பினார்கள்.

பெண்கள் விஷயத்தில் தவறு பெரும்பாலும் வீட்டாருடையது. பேரக்குழந்தைகளை நாள் முழுவதும் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம், “அம்மா, இதுவே சேவைதானே” என்று சொல்லிவிடுகிறார்கள். மறுக்க முடியாத பொறுப்பும், தானே தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வெளியே புது முகங்களோடு பழகிச் செய்யும் பணியும் ஒன்றல்ல. வாரத்தில் ஒரு முற்பகலையாவது அவர் தம் விருப்பம்போல் செலவிட வேண்டுமானால், அன்று குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதை மகனும் மருமகளும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.