மாறி மாறி மறைந்த மெய்நிகர் வட்டு

இரண்டு லினக்ஸ் ஹோஸ்ட்டுகள் (கணினிகள்) சேர்ந்து இயங்கும் கிளஸ்டருக்கு, சேமிப்பக மெய்நிகராக்க சர்வரிலிருந்து ஒரு மெய்நிகர் வட்டை, நெட்வொர்க் வழியே வட்டுகளை அணுக உதவும் ஐஸ்கஸி (iSCSI) நெறிமுறை வழியாக ஒதுக்கியிருந்தேன். இரண்டாவது ஹோஸ்ட் இணைந்ததுமே முதலாவதன் இணைப்பு அறுந்தது; அது மீண்டும் இணைந்தால் இரண்டாவதன் இணைப்பு அறுந்தது.

கேபிளை மாற்றினேன், ஒரு நெட்வொர்க் பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியூவை 9000 பைட்டிலிருந்து 1500க்குக் குறைத்தேன், ஐஸ்கஸி பயன்படுத்தும் 3260 போர்ட்டுக்கான ஃபயர்வால் விதிகளைச் சரிபார்த்தேன். மூன்று நாள்கள் வீணாயின.

சர்வரின் அமர்வுப் பட்டியலைத் தொடர்ந்து கவனித்தபோதுதான் விடை கிடைத்தது: அதில் ஒரே ஒரு ஹோஸ்ட் பெயர் நிலையாக இருக்க, அதன் எதிரே இருந்த ஐபி முகவரி மட்டும் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஹோஸ்ட்டை முதலாவதிலிருந்து குளோன் செய்திருந்ததால் (அப்படியே நகலெடுத்திருந்ததால்), ஐஸ்கஸியில் ஹோஸ்ட்டை அடையாளம் காட்டும் இனிஷியேட்டர் பெயர் இரண்டுக்கும் ஒன்றே. பெயரும் அமர்வு அடையாளமான ஐஎஸ்ஐடியும் ஒன்றாக இருந்தால், புதிய உள்நுழைவை ஏற்றுப் பழைய அமர்வை மூடிவிட வேண்டும் என்பது 2004இல் வெளியான ஐஸ்கஸி தர ஆவணமான ஆர்எஃப்சி 3720 வகுத்த நெறி. ஆகவே சர்வர் செய்தது சரியே.

இரண்டாவது ஹோஸ்ட்டில் புதிய இனிஷியேட்டர் பெயரை உருவாக்கிக் கோப்பில் எழுதினேன். ஐஸ்கஸி சேவையை மறுதொடக்கம் செய்யும்வரை பழைய பெயரே நினைவகத்தில் நீடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. பின்னர் அப்பெயரைச் சர்வரில் தனி ஹோஸ்ட்டாகப் பதிந்து, அதே வட்டை அதே எல்யூஎன் எண்ணில் (ஹோஸ்ட்டுக்கு வட்டைக் குறிக்கும் எண்) ஒதுக்கியதும் இரு அமர்வுகளும் நிலைத்தன.