கரைப்பான் குறைந்த பாலியூரித்தேன் வண்டிப் பெயிண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒரு பேனலைக் கொண்டுவந்து காட்டினார். கிளியர் கோட் (நிறத்தின்மேல் அடிக்கும் தெளிவான மேல்பூச்சு) 20 நிமிடத்தில் ஒட்டாமல் காய்ந்திருந்தது, கண்ணாடி மாதிரி பளபளப்பு. "டின் எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேட்டேன். டின் என்றால் வினையை வேகப்படுத்தும் வெள்ளீயச் சேர்மம். அவர் சொன்ன அளவு, பல வருடம் முன்பு நான் போட்ட அதே அளவு. அந்தத் தவறு என்ன விலை கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். தராசைச் சரிபார்க்காதது, டப்பாவைக் கிளறாதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு வாரத்தில் தானாகப் பழகிவிடும்.

தின்னரைக் குறைத்தால் போதும் என்று நினைப்பது

தின்னரைக் குறைத்தால் பெயிண்ட் கெட்டியாகும், கன்னில் போகாது. அதனால் ரெசினின் (படலமாகும் பிசின்) மூலக்கூறு எடையைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சங்கிலி குட்டையாகக் குட்டையாக, ஐசோசயனேட் ஹார்டனரோடு பிணையும் ஹைட்ராக்சில் ஒன்றே ஒன்று உள்ள சங்கிலிகளும், ஒன்றுகூட இல்லாதவையும் கூடுகின்றன. ஒன்றும் இல்லாதது வலையில் சேராமல் படலத்தை மென்மையாக்கிக்கொண்டே உள்ளே கிடக்கும். ஒன்று மட்டும் உள்ளது வலையை அங்கேயே முடித்துவிடும். அதனால் அக்ரிலிக் பாலியாலை (ஹைட்ராக்சில் உள்ள ரெசின்) மாற்றும்போது பாகுநிலையை மட்டும் பார்க்காதீர்கள். ஹைட்ராக்சில் அளவையும் ஏற்ற வேண்டும், அதற்கேற்ப ஹார்டனரும் ஏறும்.

ஹைட்ராக்சில் எண்ணைத் தவறாகப் படிப்பது

தரவுத் தாளில் ஹைட்ராக்சில் எண் (ரெசினில் ஹைட்ராக்சில் எவ்வளவு என்பதன் அளவு) 140 என்று இருந்தால், அது திடப்பொருளுக்கா, டப்பாவில் வரும் நிலைக்கா என்று முதலில் பாருங்கள். 70 சதவீதத் திடப்பொருள் உள்ள பாலியாலில், 140 என்பது திடப்பொருளுக்கான எண் என்றால், டப்பா நிலையில் அது 98தான். என்.சி.ஓ. (ஐசோசயனேட் தொகுதி) 21.8 சதவீதம் உள்ள எச்.டி.ஐ. ட்ரைமர் என்ற ஹார்டனர் 100 கிராம் பாலியாலுக்குச் சுமார் 34 கிராம் போதும். தவறாகப் படித்தவர் 48 கிராம் ஊற்றுவார்.

காயவில்லை என்றதும் கேட்டலிஸ்டைக் கையில் எடுப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பழைய வகை கிளியரில் ரெசின் பெரியது. கரைப்பான் பறந்தாலே படலம் பாதி கெட்டியாகிவிடும், வினை பின்னால் மெதுவாக நடக்கலாம். கரைப்பான் குறைந்த பெயிண்டில் அந்த வசதி கிடையாது. சிறிய மூலக்கூறுகள், கரைப்பான் போன பிறகும் தேன் மாதிரிதான் இருக்கும். கெட்டியாவது முழுக்க வினையின் பொறுப்பு. அதனால் தூசி ஒட்டுகிறது, வண்டியை பெயிண்ட் அடிக்கும் பூத்திலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை என்று புகார் வரும். உடனே டின் கேட்டலிஸ்டான டைபியூட்டைல் டின் டைலாரேட்டைக் கூட்டத் தோன்றும்.

நானும் அதைத்தான் செய்தேன். ஆய்வகப் பேனலில் 40 மைக்ரான் அடித்தேன், அருமையாக வந்தது. பாட் லைஃப் (கலந்த பிறகு அடிக்க ஏற்ற நேரம்) 3 மணி நேரத்திலிருந்து 40 நிமிடமாக இறங்கியதைக் குறித்துவைத்தேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. ஒரு பஸ் பாடி கட்டும் இடத்தில் அந்த கிளியரை அடித்தார்கள். பெயிண்டர் தன் வழக்கப்படி இரண்டு முழுக் கோட் போட்டார். ஓவனிலிருந்து வந்த பஸ்ஸின் கீழ் ஓரம் முழுக்க ஊசி முனை அளவு கொப்புளங்கள். மேல் பக்கம் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் பட்டோம். ஒரு வாரத்தில் அங்கேயும் பளபளப்பு மங்கி, அடியில் தேய்த்த கோடுகள் தெரிய ஆரம்பித்தன. முழுப் பக்கத்தையும் தேய்த்து மறுபடி அடிக்க 8 நாள் ஆனது.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். கரைப்பானின் அடர்த்தி 0.88 என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 600 கிராம் கரைப்பான் உள்ள கிளியரில் கன அளவில் திடப்பொருள் 32 சதவீதம். 420 கிராம் உள்ளதில் 52 சதவீதம். 100 மைக்ரான் ஈரப் படலம் முன்னதில் 32 மைக்ரானாகக் காயும், பின்னதில் 52. பெயிண்டரின் கை மாறவில்லை, படலம் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் தடித்துவிட்டது. அதன்மேல் டின் சீக்கிரமே மேல்புறத்தைப் பூட்டிவிட்டால், கரைப்பான் எங்கே போகும்? சூட்டில் கொப்புளமாக வெளியேறும். இல்லையென்றால் நாட்கணக்கில் கசிந்து, படலம் சுருங்கி, அடியில் உள்ள கோடுகள் மேலே தெரியும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ரெசினைத் திருத்துங்கள். ஐசோபோர்னைல் மெத்தாக்ரிலேட் போன்ற பருமனான மோனோமர் சேர்ந்த, மூலக்கூறு எடைப் பரவல் குறுகிய பாலியாலைத் தேடுங்கள். அப்புறம் ஹார்டனரில் ஒரு சிறு பங்கு ஐ.பி.டி.ஐ. ட்ரைமர் (இன்னொரு வகை ஐசோசயனேட்). அது கடினமானது, சீக்கிரம் ஒட்டாத நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் பாகுநிலையை ஏற்றும், கூடினால் படலம் நொறுங்கும். டின் கடைசியில்தான், அதுவும் அசிட்டைலசிட்டோனோடு. கப்பில் இருக்கும்வரை அது டின்னை அடக்கி வைக்கும், படலத்திலிருந்து பறந்ததும் விட்டுவிடும். அதையும் கரைப்பான் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சரிவுப் பேனல் அடியுங்கள். ஒரு முனையில் 30 மைக்ரான், மறுமுனையில் 100. கலந்த உடனே ஒன்று, பாட் லைஃபில் பாதி போன பிறகு இன்னொன்று. முதல் கொப்புளம் எத்தனை மைக்ரானில் வருகிறது என்று எழுதிவையுங்கள். பளபளப்பை மறுநாள் மட்டும் அளந்தால் போதாது, 7 நாள் கழித்தும் அளங்கள். நான் அளக்கவில்லை.

தண்ணீரை அலட்சியம் செய்வது

1 கிராம் தண்ணீர் சுமார் 21 கிராம் எச்.டி.ஐ. ட்ரைமரைத் தின்றுவிடும், கூடவே கார்பன் டை ஆக்சைடும் விடும். ஹார்டனர் அதிகம் தேவைப்படும் இந்தப் பெயிண்டில் அந்த நஷ்டம் வலிக்கும். பாலியூரித்தேனுக்கென்று விற்கும் கரைப்பானை வாங்குங்கள். நிறமிகளிலும் ஈரம் இருக்கும்.

ஆல்கஹால் உள்ள தின்னர்

வேண்டாம். ஐசோசயனேட் அதோடும் வினை புரியும்.

முகமூடி இல்லாமல் அடிப்பது

ஒரே ஒரு பேனல் என்றாலும் கூடாது. ஐசோசயனேட்டால் வரும் ஆஸ்துமா திரும்பிப் போகாமலும் இருக்கலாம்.

ஒரு சந்தையின் கணக்கை இன்னொன்றுக்கு எடுத்துப்போவது

அமெரிக்க விதியில் அசிட்டோன் வி.ஓ.சி. (ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்) கணக்கில் வராது. ஐரோப்பிய விதி கொதிநிலையைப் பார்க்கிறது. 250 டிகிரிக்குள் கொதிப்பது எல்லாம் கணக்கில் வரும், அசிட்டோனும்தான். வண்டி மறுபூச்சு டாப்கோட்டுக்கு ஐரோப்பாவில் 2007 முதல் வரம்பு லிட்டருக்கு 420 கிராம், அதுவும் அடிக்கத் தயாரான கலவைக்கு. அசிட்டோனை நம்பி வரம்புக்குள் கொண்டுவந்த பார்முலா அங்கே வரம்பைத் தாண்டிவிடும், பாலியாலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். எந்தச் சந்தைக்குப் போகிறது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.