வாட்டர் ஃபிளாசர் வாங்கியாச்சு, இனி எப்படி யூஸ் பண்றது?

மட்டன் நாரு, கீரை, முறுக்குத் துண்டு, எது பல் இடுக்குல மாட்டினாலும் நம்ம கை தேடுறது ஊக்கு, இல்லேன்னா தீக்குச்சி. ரெண்டுமே ஈறைக் குத்திக் கிழிக்கிற சாமான், முதல்ல அதை ஓரம் கட்டுங்க. வாட்டர் ஃபிளாசர்னா பல் இடுக்கைத் தண்ணியால சுத்தம் பண்ற மெஷின், அது நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல தண்ணியப் பீச்சி அடிச்சு இடுக்குல இருக்கறதை வெளிய தள்ளிடும். 1962-ல அமெரிக்காவுல கொலராடோ பக்கம் ஒரு பல் டாக்டரும் ஒரு எஞ்சினியரும் சேர்ந்து ஆரம்பிச்சு வச்ச விஷயம் இது. இப்போ சார்ஜ் போட்டுக் கையில புடிக்கிற மாடல்தான் நிறைய பேர் வாங்குறாங்க, அதனால அதை வச்சே சொல்றேன்.

முதல்ல தண்ணி. வெதுவெதுப்பா இருக்கட்டும், ஜில்லுன்னு ஊத்தினா பல் கூச்சம் இருக்கறவங்க துள்ளிடுவாங்க. போர் தண்ணி வேணாம், உப்பு படிஞ்சு டிப் (தண்ணி பீச்சுற மெல்லிசு குழாய்) அடைச்சுக்கும், குடிக்கிற தண்ணியே ஊத்துங்க. கல்லுப்பு, மஞ்சள்னு வாட்ஸப்ல வர்ற எதையும் டேங்க்ல போட்டுடாதீங்க, உப்புத்தண்ணி கொப்பளிக்கணும்னா அதுக்குத்தான் டம்ளர் இருக்கே.

டிப்பை க்ளிக்னு சத்தம் வர்ற வரை அழுத்தி மாட்டிட்டு, இருக்கறதுலயே கம்மியான பிரஷர் மோட் வைங்க.

இனிமேதான் முக்கியம். டிப் வாய்க்குள்ள போனப்புறம்தான் சுவிட்ச், அதே மாதிரி ஆஃப் பண்ணிட்டுத்தான் வெளிய எடுக்கணும், இல்லேன்னா கண்ணாடி, சுவரு, சட்டை எல்லாத்துக்கும் குளியல்தான். வாஷ் பேசின் மேல நல்லா குனிஞ்சுக்கங்க, உதட்டை லேசா மூடி, தண்ணி ஓரமா தானா வழிய விடுங்க, மூச்சு மூக்கு வழியா. கண்ணாடியப் பாத்துட்டே பண்ணலாம்னு நிமிர்ந்தீங்க, அவ்ளோதான், தண்ணி கழுத்து வழியா இறங்கிடும்.

கடவாய்ப்பல்லுல ஆரம்பிங்க. டிப் பல்லுக்கு நேர் குத்தா, பல்லும் ஈறும் சேர்ற கோட்டுல இருக்கணும். அந்தக் கோட்டு மேலயே மெதுவா நகத்திட்டுப் போயி ஒவ்வொரு இடுக்குலயும் ரெண்டு செகண்ட் நிறுத்துங்க, வெளிப்பக்கம் முடிஞ்சதும் உள்பக்கம். பிரஷரைக் கூட்டினா சுத்தம் ஆயிடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா நிதானமா நிறுத்திப் போனாத்தான் வேலை நடக்கும். 200, 300 மில்லி டேங்க் சுமார் ஒரு நிமிஷத்துல காலியாயிடும், அதனால மேல் வரிசைக்கு ஒரு தடவை, கீழ் வரிசைக்கு ஒரு தடவைன்னு ரொப்பிக்கங்க. கடைசிப் பல்லுக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கும் பாருங்க, வாய் நாத்தத்துக்கு ஒரு காரணம் அங்கயும் ஒளிஞ்சிருக்கலாம், விட்றாதீங்க. நாக்குக்கு அடியில மட்டும் அடிக்காதீங்க, அங்க தோல் ரொம்ப மெலிசு. கிளிப் போட்டவங்க கம்பியச் சுத்தியும் காட்டணும்.

முதல் சில நாள் லேசா ரத்தம் வரலாம், பயந்து நிறுத்திடாதீங்க, வீங்கியிருக்கற ஈறு அப்படித்தான் கசியும். ரெண்டு வாரம் ஆகியும் நிக்கலேன்னா பல் டாக்டரைப் பாருங்க. இதய வால்வு ஆபரேஷன் பண்ணவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இதை வாங்கிட்டோம்னு பிரஷ்ஷுக்கு லீவு விட முடியாது. நைட்டு இதை முடிச்சிட்டு பேஸ்ட் போட்டு தேய்ச்சா, பேஸ்ட்ல பல்லைக் காக்கறதுக்குன்னு இருக்கற ஃபுளோரைடு இடுக்குல நல்லாப் படும். ஏற்கனவே கல்லு மாதிரி இறுகிப்போன காரை இருந்தா இதுக்கெல்லாம் அசையாது, கிளினிக்ல ஸ்கேலிங் பண்ணித்தான் எடுக்கணும்.

முடிஞ்சதும் மிச்சத் தண்ணியக் கொட்டிட்டு டேங்க் மூடியைத் திறந்தே காய விடுங்க, மூடி வச்சா வழவழன்னு பாசி புடிக்கும். எப்பவாவது அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு டேபிள் ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து பேசின்லயே ஓட விட்டு, அப்புறம் நல்ல தண்ணி ஓட்டுங்க. டிப் மூணுலேந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும், வீட்ல நாலு பேர் ஒரே மெஷின் யூஸ் பண்ணாலும் டிப் ஆளுக்கு ஒண்ணு, அடியில கலர் வளையம் இருக்கறது அதுக்குத்தான்.