கட்டுரையில் பிழை கண்டால் செய்யக் கூடாதவை

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் இளம் ஆய்வாளர், ஒரு தமிழ்க் குடும்பம் ட்ரூரோ கப்பலில் வந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். ட்ரூரோ இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று இங்கே வந்த முதல் கப்பல், அதில் வந்தவர்கள் 342 பேர். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஆனாலும் முதல் கப்பலில் வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லும் குடும்பங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். கப்பலில் வந்த கூலிகளுக்கு எண் போட்டு எழுதிய பதிவேட்டில் அந்தக் குடும்பத்தின் எண் ட்ரூரோவோடு பொருந்தவில்லை. உடனே பக்கத்தைப் படம் எடுத்து, "இதற்குப் பெயர் ஆய்வா?" என்று எழுதி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். ஆளாளுக்கு அதை வேறு குழுக்களுக்கும் அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அடிக்குறிப்பைப் படித்தேன். "இது குடும்பத்தார் வாய்மொழியாகச் சொன்னது, பதிவேட்டு எண் இதோடு ஒத்துப்போகவில்லை" என்று அவரே தெளிவாக எழுதியிருந்தார். அதே குழுவில் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அங்கே ஒரு வரிகூட எழுதவில்லை. முழுதும் படிக்காமல் பேசுவதுதான் முதல் தவறு, அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, அவர்தான் கொடுத்தார்.

இது வாட்ஸ்அப் குழுவோடு நிற்கும் விஷயமில்லை. 2020இல் கேப் டவுன் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலி நாட்ராஸ், கறுப்பின மாணவர்கள் உயிரியல் படிப்பை ஏன் குறைவாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று 211 மாணவர்களிடம் கேட்டு, 'சௌத் ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் சயின்ஸ்' இதழில் ஒரு கருத்துரை எழுதினார். பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அந்தக் கேள்விகளே இனவாதத்தை உள்ளே வைத்துக் கேட்கப்பட்டவை என்ற விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் சமூக ஊடகத்தில் பலர் தலைப்பைத் தாண்டிப் போகவே இல்லை. அந்த இதழ் அப்போது செய்ததை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும்: எதிர்ப்புக் கட்டுரைகளை வாங்கி, அவரவர் பெயரோடு ஒரு சிறப்பிதழாக வெளியிட்டு, கட்டுரையாளரின் பதிலையும் அதிலேயே சேர்த்தது. இன்றும் எடுத்து இரு பக்கத்தையும் படிக்கலாம். யார் யாரைத் திட்டினார் என்பது கரைந்துபோய்விட்டது, வாதங்கள் மட்டும் நிற்கின்றன.

அப்படியென்றால் மென்மையாகப் பேசினால் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது இன்னொரு தவறு. 2019இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் கலர்டு (கலப்பு வம்சாவளியினரை இந்த நாட்டில் அழைக்கும் பெயர்) பெண்களின் அறிவுத்திறன் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சிறு மாதிரியை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்துப் பெண்கள் எல்லாரையும் பற்றி முடிவு சொன்ன கட்டுரை அது. அதை எதிர்த்தவர்கள் கூச்சப்படவில்லை, கடுமையாகவே எழுதினார்கள். ஆனால் எழுதியது எதைப் பற்றி என்று பாருங்கள்: மாதிரி போதாது, அளவுகோல் இந்த மக்களுக்குப் பொருந்தாது, முடிவு தரவைத் தாண்டிப் போகிறது. அதைத் திறந்த கடிதமாக இதழுக்கே அனுப்பினார்கள், ஏராளமானோர் கையெழுத்திட்டார்கள். வெளியான சில வாரங்களிலேயே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கடுமை வேறு, அவமதிப்பு வேறு. கடுமையாக இருக்க ஒருவருடைய பிறப்பையோ படிப்பையோ இழுக்க வேண்டியதில்லை.

நம்மிடையே இதைவிட ஆழமாக ஊறிப்போன தவறு ஒன்று உண்டு, அது மௌனம். "ஐயா எழுதியதை நாம் கேள்வி கேட்பதா", "அக்கா மனசு நோகும்" என்று பிழையைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறோம். கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்ற குடும்பப் பெயர்களைப் பார்த்ததும் சாதியை முடிவுசெய்து எழுதப்பட்ட கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். பெயரில் சாதியின் சுவடு இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கப்பலில் வந்தவர்களைப் பதிந்த குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிக்கொண்ட எழுத்துக்கூட்டல் அது, தந்தை பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராகிப்போனதும் உண்டு, அதை மட்டும் வைத்துப் பரம்பரை எழுத முடியாது. இது தெரிந்த பெரியவர்கள் கூட்டத்தில் பேசாமல் இருந்துவிட்டு, வெளியே தேநீர் குடிக்கும்போது சொல்வார்கள். அடுத்த மாணவர் அந்தக் கட்டுரையையே மேற்கோள் காட்டுவார், அப்புறம் பிழைக்கு வயது கூடக் கூட மரியாதையும் கூடிவிடும். மரியாதை குரலில் இருக்கட்டும். "ஐயா, 14ஆம் பக்கத்தில் சொன்னதற்கும் பதிவேட்டுக்கும் வேறுபாடு இருக்கிறது, நான் பார்த்தது இது" என்று சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

இதழ் நடத்துபவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் இருக்கும் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பழைய பிரதியைத் தரவிறக்கியவர் கையில் பிழை அப்படியே இருக்கும். திருத்தக் குறிப்பைத் தேதி போட்டு, எது மாறியது என்று சொல்லி, கட்டுரையோடு இணைத்து வெளியிட வேண்டும். அதேபோல், நான்கு பேர் பெயர் போட்ட கட்டுரையில் பிழை வந்ததும் பழி முழுக்க உதவி ஆய்வாளர் தலையில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். பாராட்டுக்குப் பெயர் கொடுத்தவர் பதிலுக்கும் பெயர் கொடுத்தாக வேண்டும்.

பெயர் கொடுப்பதில் இந்த நாட்டில் பணமும் கலந்திருக்கிறது. அங்கீகரித்த இதழில் வரும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் கொடுக்கிறது, அதில் ஒரு பங்கைப் பல பல்கலைக்கழகங்கள் எழுதியவருக்கே தருகின்றன. எண்ணிக்கைக்காக எழுதும் பழக்கம் அதனால் வளர்ந்தது. 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்கர்கள் எழுதிய ஏறக்குறைய நான்காயிரம் கட்டுரைகள் சந்தேகத்துக்குரிய, பணம் பறிக்கும் இதழ்களில் வந்திருப்பதாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்கிறோம், கட்டணத்தை அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் விலகிவிடுங்கள். அங்கே பிழையைச் சுட்டிக்காட்டக்கூட ஆள் இருக்காது.

வெளியாகும் முன் கட்டுரையைப் படித்து இதழுக்கு அறிக்கை தரும் மதிப்பீட்டாளராக இருப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: உங்கள் பெயர் மறைந்திருப்பது உண்மையைத் தயங்காமல் சொல்வதற்காக. எழுதியவர் எதிரே உட்கார்ந்திருந்தால் சொல்லத் தயங்கும் வசையை அந்த அறிக்கையிலும் எழுதாதீர்கள், என் கட்டுரையை மேற்கோள் காட்டு என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

சரி, பிழை கண்டுவிட்டீர்கள், என்ன செய்வது? முதலில் எழுதியவருக்கே தனியாக எழுதுங்கள்: பக்கம், வரி, உங்கள் சான்று, அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அவர் அனுப்பும் பதிலை அவருடைய அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம். பதில் வராவிட்டால் அதே கடிதத்தை இதழாசிரியருக்கு அனுப்பி, வெளியிடும்படி கேளுங்கள். இதழின் சொந்தப் புகார் வழியை முழுதும் முயன்ற பிறகும் அசையவில்லை என்றால், அந்த இதழ் கோப் (COPE) அமைப்பில் உறுப்பினரா என்று பாருங்கள். 1997இல் பிரிட்டனில் இதழாசிரியர்கள் தொடங்கிய பதிப்பு நெறிக் குழு அது. கட்டுரை சரியா தவறா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இதழ் முறைப்படி நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆகவே நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் தேதியோடு சேமித்து வைத்திருங்கள்.