பட்டாயாவில் சுற்ற டாக்சி தேவையில்லை

தாய்லாந்தின் பட்டாயாவில் ஊர் சுற்ற சோங்தேவ் போதும், அதாவது பின்னால் இரண்டு பெஞ்ச் போட்ட பிக்கப் வண்டி. பீச் ரோட்டில் வடக்கிலிருந்து தெற்கே, செகண்ட் ரோட்டில் தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே ஆள் இருக்கிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, எதுவும் பேசாமல் ஏறி உட்காருங்கள், ஏனென்றால் "எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டால் தனி வாடகைக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்துப் பல மடங்கு சொல்வார்கள். இறங்கும் இடத்தில் பெல் அழுத்தி, சில்லறையாகக் கொடுங்கள்.

அப்புறம், குளிக்க ஊர்க் கடற்கரை வேண்டாம். காலையிலேயே பாலிஹாய் படகுத்துறையிலிருந்து பயணிகள் படகில் கோ லான் தீவுக்குப் போய்விடுங்கள், முக்கால் மணி நேரம்தான். அங்கே சமே கடற்கரைத் தண்ணீர் அவ்வளவு தெளிவு! திரும்பும் கடைசிப் படகு நேரத்தைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.