உங்கள் தோட்டத்து மழையை நீங்களே அளக்க

கோத்தகிரியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. உரம் போட நாள் பார்க்க ஊட்டி மழைக் கணக்கு எங்களுக்கு உதவாது. தென்மேற்குப் பருவத்தில் கூடலூரிலும் அவலாஞ்சியிலும் கொட்டித் தீர்க்கும்போது, தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே எங்கள் சரிவில் பெரும்பாலும் சாரல்தான். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். அதனால் பன்னிரண்டு வருஷமாக நானே அளக்கிறேன்.

வாய் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள புனல், 5 லிட்டர் கேன், ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் போதும். புனல் வாயின் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஆகவே 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை. ஒரு சிரிஞ்சுக்கு ஒரு மில்லிமீட்டர், எண்ணிக்கொண்டே போகலாம்.

இடம்தான் முக்கியம். முதல் வருஷம் சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தேன். மழையே இல்லாத நாளில் 3 மில்லிமீட்டர் காட்டியது. மூடுபனி இலையில் திரண்டு சொட்டிய தண்ணீர் அது! மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். மண் தெறிக்காதபடி புனல் வாய் தரையிலிருந்து ஓரடி மேலே இருக்கட்டும்.

வானிலைத் துறையைப் போலக் காலை 8.30க்கு அளங்கள். மழை இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால், பெய்யாத நாளா, அளக்க மறந்த நாளா என்று பிறகு தெரியாது. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் மழைநாள்.

மாதக் கூட்டுத்தொகையைக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பருவம் கண்ணில் படுவது அங்கேதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் என் மகளும் இதே அளவுப் புனலில்தான் அளக்கிறாள். அங்கே மழையும் குளிரும் சேர்ந்து வரும். ஜூன், ஜூலையில் மேற்கே கடலிலிருந்து வரும் குளிர்காற்றோடு அவள் நோட்டு நிறையும். டிசம்பர், ஜனவரி அங்கே கோடை, வரிசையாக 0 தான். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம் ஒன்று. இந்தக் கேன் 250 மில்லிமீட்டர் மழைதான் தாங்கும். 2009 நவம்பரில் எங்கள் நீலகிரியிலேயே உள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. இந்தப் புனலில் 16 லிட்டருக்கு மேல் வரும். அதனால் ஐப்பசி பிறந்ததும் மாலை ஆறு மணிக்கும் ஒருமுறை அளந்து கொட்டிவிட்டு, மறுநாள் காலைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.